பொதுப்பட்டியலில் கல்வி: அதிகாரப் பகிர்வும் இறுதி முடிவும்

முன்னுரை

கூட்டாட்சியில் அதிகாரப் பகிர்வு என்பது, எந்த அரசு எத்துறையில் சட்டம் இயற்றலாம் என்னும் வரையறையோடு முடிவதில்லை. இரு சட்டங்கள் முரண்படும்போது எது செல்லும் என்பதும் அதன் பகுதியே. இந்திய அரசமைப்பில் கல்வி பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டதன் சட்ட விளைவை இக்கட்டுரை விளக்குகிறது.

பட்டியல்களில் கல்வி

அரசமைப்பின் 246ஆம் உறுப்பும் ஏழாம் அட்டவணையும் சட்டமியற்றும் அதிகாரத்தை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப்பட்டியல் என மூன்றாக வகுக்கின்றன. தொடக்கத்தில் இவற்றில் முறையே 97, 66, 47 பதிவுகள் இருந்தன. கல்வி, மாநிலப் பட்டியலின் 11ஆம் பதிவாக அமைந்தது. எனினும், உயர்கல்வித் தரத்தை வரையறுக்கும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலின் 66ஆம் பதிவின்படி அன்றே நாடாளுமன்றத்திடம் இருந்தது. இவ்விரு பதிவுகளும் மோதுமிடத்தில் ஒன்றிய அதிகாரமே மேலோங்கும் என்று குஜராத் பல்கலைக்கழக வழக்கில் (1963) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, கல்வியில் மாநில அதிகாரம் அன்றும் முழுமையானதன்று.

நெருக்கடிநிலைக் காலத்தில் நிறைவேறிய 42ஆம் திருத்தம் (1976) 11ஆம் பதிவை நீக்கி, கல்வியைப் பொதுப்பட்டியலின் 25ஆம் பதிவில் சேர்த்தது. காடுகள், எடையும் அளவையும் முதலியனவும் உடன் மாற்றப்பட்டன. இதனால் பள்ளிக்கல்வி உட்பட அனைத்தும் நாடாளுமன்றத்தின் சட்டமியற்றும் எல்லைக்குள் வந்தன.

முரண்பாடும் விதிவிலக்கும்

‘பொது’ என்னும் சொல் சமப் பங்கைக் குறிப்பதன்று. உறுப்பு 254(1)இன்படி, பொதுப்பட்டியல் பொருளில் மாநிலச் சட்டம் நாடாளுமன்றச் சட்டத்தோடு முரண்பட்டால், முரண்படும் அளவுக்கு அது செல்லாததாகும். உறுப்பு 254(2) ஒரு விதிவிலக்கைத் தருகிறது: குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால் மாநிலச் சட்டம் அம்மாநிலத்தில் மேலோங்கும். ஆனால், குடியரசுத் தலைவர் ஒன்றிய அமைச்சரவையின் அறிவுரைப்படியே செயற்படுபவர். ஆகவே, ஒன்றியச் சட்டத்திலிருந்து விலக்குக் கோரும் மாநிலம் ஒன்றிய அரசின் இசைவையே நாடவேண்டியுள்ளது. ஒப்புதல் கிடைத்த பின்னரும் அச்சட்டத்தை நீக்கவோ திருத்தவோ நாடாளுமன்றத்தால் இயலும்.

தமிழ்நாட்டு அனுபவம்

தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வை நீக்கிய தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று நடைமுறைக்கு வந்தது. நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரிய 2017ஆம் ஆண்டு மசோதாக்களுக்கு ஒப்புதல் கிட்டவில்லை. 2021இல் நிறைவேற்றப்பட்டு, ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2022இல் மீண்டும் நிறைவேற்றப்பட்ட மசோதாவும் ஏற்கப்படவில்லை என 2025இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இம்முயற்சிகள் அனைத்தும் நாடிய அரசமைப்பு வழி ஒன்றே. விளைவை வேறுபடுத்தியது ஒன்றிய அரசின் நிலைப்பாடாகும். அதே வேளையில், மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டம், ஒன்றியச் சட்டத்தோடு மோதாத இடத்தில் மாநிலம் இன்றும் செயற்பட முடியும் என்பதைக் காட்டுகிறது.

முடிவுரை

ஒரு துறையைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றுவது, அத்துறையில் இறுதி முடிவெடுக்கும் உரிமையை இடம் மாற்றுவதாகும். கல்வியை மீண்டும் மாநிலப் பட்டியலில் சேர்த்தாலும் 66ஆம் பதிவு நீடிக்கும்வரை உயர்கல்விச் சிக்கல் தீராது. எனவே மாநில உரிமை குறித்த ஆய்வுகள், பட்டியல் மாற்றத்தோடு 66ஆம் பதிவின் எல்லையையும், உறுப்பு 254(2)இன் ஒப்புதல் நடைமுறையையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.