மாடு காலை உதறினால்…

மேய்ச்சலிலிருந்து திரும்பிய மாடு ஓயாமல் காலை உதறுகிறதா? முழங்காலுக்குக் கீழே பாருங்கள். ஊசியாகக் குத்தி இரத்தம் குடிப்பது கடிக்கும் ஈ. பார்வைக்கு வீட்டு ஈ போலவே இருக்கும். தலைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்வாய்தான் அடையாளம். இதன் தொல்லை மிஞ்சினால் மாடு நிம்மதியாக மேயாது, பாலும் குறையும்.

மருந்தடிக்கும் முன் இந்த ஈ பிறக்கும் இடத்தைத் தேடுங்கள். சாணமும் மூத்திரமும் கலந்து ஊறிய வைக்கோல், மாடு கழித்துப்போட்ட தட்டை, தீவனத் தொட்டியடி ஈரம்: இங்கேதான் முட்டையிடும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரத்தில் முட்டை ஈயாகிவிடும். அதனால் வாரம் ஒருமுறையாவது வாரி, மெல்லியதாகப் பரப்பிக் காயவிடுங்கள். காய்ந்த இடத்தில் புழு பிழைக்காது.

மேய்ச்சல் நிலத்துச் சாணத்தைக் கோழிகள் கிளறட்டும், புழுக்களைப் பொறுக்கித் தின்னும். சாணி வண்டுகளைக் கலைக்காதீர்கள்; அவை நமக்காக உழைக்கும் உயிர்கள். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து போட்ட மாட்டின் சாணம் அந்த வண்டுப் புழுக்களைக் கொல்லக்கூடும். கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டும் அந்த மருந்தைப் போடுங்கள்.

மாலையில் வேப்பிலை, நொச்சி மூட்டம் போட்டால் அந்த நேரத்துக்கு ஈ விலகும். கன்றுக்குட்டி மூச்சுத் திணறாதபடி காற்று வீசும் திசை பார்த்துப் போடுங்கள்.