கடனை எழுதிய இரவில்தான் நிம்மதி வந்தது

நெருக்கடி முடிந்துவிட்டது என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. பின்னர் அது வெகுவாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் பணவீக்கம் குறைந்தால் விலை குறைந்துவிடும் என்று அர்த்தமில்லை. விலை ஏறும் வேகம்தான் குறைகிறது. அந்த நாட்களில் பட்ட கடன் எதுவும் அதோடு சேர்ந்து இறங்கவில்லை. இன்றும் இரவில் தூக்கமில்லாமல் கணக்குப் பார்க்கும் குடும்பத் தலைவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அப்படி இருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு மருதமுனையில் சிறியதொரு புடவைக்கடை. எங்கள் ஊர்க் கைத்தறிச் சாரன்களோடு, கொழும்பு புறக்கோட்டையில் இருந்து எடுக்கும் துணிகளையும் விற்கிறேன். 2022 ரமழானை நம்பி வழமையை விட அதிகமாகச் சரக்கு எடுத்தேன். எல்லாம் பின்திகதியிட்ட செக். ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பு ஆரம்பிக்கும்போது மின்வெட்டு, எரிபொருள் வரிசை, ஊரடங்கு. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதம் 360 ரூபாயைத் தொட்டது. நூலும் சாயமும் வெளிநாட்டில் இருந்து வருபவை, அவற்றின் விலையும் கூடவே ஏறியது. பெருநாள் உடுப்புக்கு வைத்திருந்த காசைச் சனங்கள் அரிசிக்கும் பால்மாவுக்கும் கொடுத்தார்கள். அதில் பிழை சொல்ல முடியாது. சரக்கு கடையில் தேங்கியது. செக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

நான் யாரிடமும் சொல்லவில்லை. புறக்கோட்டை ஹாஜியாரின் அழைப்பை எடுக்கவில்லை. மனைவியிடம் "வியாபாரம் கொஞ்சம் மந்தம்" என்று மட்டும் சொன்னேன். தொழுகையில் நின்றாலும் மனம் செக் திகதிகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில், வட்டிக்குக் கொடுக்கும் ஒருவரிடம் போக முடிவெடுத்தேன். அது ஹராம் என்று தெரியாதவன் அல்ல நான். பயம் கூடினால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

அதற்கு முதல்நாள் இரவு மனைவி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எவ்வளவு கடன் இருக்கு? ஒளிக்காமச் சொல்லுங்க."

"எனக்கே சரியாத் தெரியாது" என்றேன். அது பொய்யல்ல. மூன்று மாதமாக நான் கணக்குப் பார்த்தது தலைக்குள் மட்டும்தான்.

மகளின் பாடசாலைக் கொப்பி ஒன்றை எடுத்து எழுதினோம். புறக்கோட்டைக்கு 5 இலட்சத்து 20 ஆயிரம். நெசவாளர்களுக்கு 1 இலட்சத்து 35 ஆயிரம். உறவினர்களிடம் வாங்கியது 1 இலட்சத்து 10 ஆயிரம். கடை வாடகை 45 ஆயிரம். பலசரக்குக் கடைக் கணக்கு 30 ஆயிரம். கூட்டினால் 8 இலட்சத்து 40 ஆயிரம். சிறிய தொகையல்ல. ஆனால் என் தலைக்குள் அது 15 இலட்சமாக வளர்ந்திருந்தது. கடனில் ஒரு ரூபாய் கூடக் குறையாத அந்த இரவில், மாதக்கணக்கின் பின் நன்றாகத் தூங்கினேன்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? ஸூரதுல் பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதிக்கொள்வது பற்றியது. எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். அதைக் கொடுத்தவரின் உரிமையைக் காக்கும் சட்டமாக மட்டுமே விளங்கியிருந்தேன். எழுதுவது கடன்பட்டவனின் மனதுக்கும் பாதுகாப்பு என்பது அன்றுதான் புரிந்தது.

போதுமென்ற மனம், அதாவது 'கனாஅத்' பற்றி நம்மிடம் ஒரு தவறான விளக்கம் இருக்கிறது. கஷ்டத்தை வெளியே சொல்லாமல், கேட்பவரிடமெல்லாம் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சிரிப்பதே கனாஅத் என நினைக்கிறோம். நான் மூன்று மாதம் செய்தது அதைத்தான். அது கனாஅத் அல்ல, மறைப்பு. கடன் சுமையில் இருந்து நபி (ஸல்) அவர்களே அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். கவலைப்படுவது ஈமானின் குறையென்றால் அந்தத் துஆ நமக்குக் கற்றுத்தரப்பட்டிருக்காது. கையில் உள்ளது எவ்வளவு என்பதை உண்மையாக அறிந்து, அதற்குள் வாழச் சம்மதிப்பதே கனாஅத். அறியாமல் சம்மதிக்க முடியாது.

இரண்டாவது வேலை செலவுகளை எழுதுவது. சாப்பாடு, படிப்பு, மருந்து, மின்கட்டணம் ஒரு பக்கம். மற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்று செய்பவை மறுபக்கம். கலியாண வீட்டுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு, வீடு குடிபுகும் விருந்து, தேவையில்லாமல் மாற்றும் கைபேசி. இந்த மறுபக்கம் நாங்கள் நினைத்ததை விட நீளமாக இருந்தது. அதை வெட்டும்போது வலித்தது. ஒரு கலியாணத்துக்கு வெறும் வாழ்த்தோடு போனோம். முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். இரண்டு வாரத்தில் அவர்களே அதை மறந்துவிட்டார்கள்.

மூன்றாவது, கடன் கொடுத்தவரின் முகத்தைப் பார்ப்பது. ஓகஸ்ட்டில் பஸ் ஏறிப் புறக்கோட்டை போனேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். ஹாஜியார் சொன்னது இதுதான்: "காசு வரும் போகும் தம்பி. நீங்க போன் எடுக்காததுதான் எனக்குக் கவலை." தவணை முறையில் கட்ட ஒத்துக்கொண்டார். கஷ்டப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு அதே ஸூராவின் 280ஆம் வசனம் பணிக்கிறது. அவர் அதைச் செயலில் காட்டினார்.

எல்லாருக்கும் அப்படி ஒரு ஹாஜியார் கிடைப்பதில்லை. ஆகவே இதை வசதியுள்ளவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. கனாஅத் என்பது ஏழைக்கு மட்டும் செய்யும் உபதேசமல்ல. இலாபம் தாமதமானாலும் பரவாயில்லை என்று அவகாசம் கொடுப்பவரும் போதுமென்ற மனம் உடையவர்தான். ஸகாத் பெறத் தகுதியான 8 பிரிவினரில் கடனாளியும் ஒருவர். ஸகாத் பட்டியல் தயாரிக்கும் பள்ளிவாசல் நிர்வாகிகள், கையேந்தி வருபவரை மட்டுமல்ல, கடையைத் திறந்து வைத்துக்கொண்டே உள்ளுக்குள் உடைந்திருப்பவரையும் தேடிப் பார்க்க வேண்டும். அவர் தானாக வரமாட்டார். நான் போகவில்லை.

36 மாதங்களில் மாதம் சராசரியாக 20 ஆயிரம் வீதம் 7 இலட்சத்து 20 ஆயிரம் கட்டினோம். அந்தக் கொப்பியில் மிச்சம் இருந்தது 1 இலட்சத்து 20 ஆயிரம். எல்லாம் முடிந்த பிறகுதான் நிம்மதி வரும் என்று காத்திருந்தால், அந்த 36 மாதங்களில் ஒரு நோன்பு திறக்கும் நேரத்தையாவது பிள்ளைகளோடு சந்தோஷமாகக் கழித்திருக்க மாட்டேன்.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது இன்றிரவும் தூக்கம் வராவிட்டால், எழுந்து ஒரு கொப்பியை எடுங்கள். மனைவியை அல்லது கணவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். எழுதி முடித்துவிட்டு இரண்டு ரக்அத் தொழுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரினதும் கடன்களை இலேசாக்கி, இருப்பதில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.