மலையில் அல்ட்ரா மாரத்தான்: நண்பர்களோடு பயிற்சி செய்வது ஏன் முக்கியம்?

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா மாரத்தான்தான். பிரான்சின் ஷமோனி நகரில் 2003 முதல் நடக்கும் யூடிஎம்பி ஓட்டத்தில், மோன்ட் பிளாங்க் மலையைச் சுற்றி சுமார் 170 கி.மீ. கடக்க வேண்டும். வழியில் ஏறும் உயரத்தை மட்டும் கூட்டினால் ஏறக்குறைய 10,000 மீட்டர்!

'நாமளும் மலையில ஓடிப் பார்க்கலாமா மச்சி?' என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கும் நண்பர் உங்களுக்கும் இருக்கலாம். சரி என்று சொல்வதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மலையில் என்ன ஆபத்து?

2021 மே 22. சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலை ஓட்டம். 172 பேர் ஓடினார்கள். உயரமான பகுதியில் திடீரென்று ஆலங்கட்டி மழையும் பலத்த காற்றும் தாக்கின. பலர் டி-ஷர்ட், ஷார்ட்ஸ் மட்டுமே அணிந்திருந்தனர். காற்று புகாத ஜாக்கெட் அங்கே கட்டாயமாக்கப்படவில்லை. உடல் வெப்பம் குறைந்து 21 பேர் இறந்தனர். இறந்தவர்களில் அனுபவம் மிக்க சாம்பியன்களும் உண்டு. குகையில் ஒதுங்கியிருந்த ஆட்டிடையர் ஒருவர் 6 பேரைக் காப்பாற்றினார்.

பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். உடை நனைந்து, காற்றும் அடித்தால் உடம்பு இன்னும் வேகமாகக் குளிர்ந்துவிடும்.

நண்பர் எதற்கு?

உடல் வெப்பம் குறையும்போது மூளையும் தடுமாறும். கை நடுங்கும், ஜிப்பைப் போட முடியாது, பேச்சு குழறும், கால் இடறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். ஆனால், கேட்டால் 'எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்' என்றுதான் பதில் வரும். பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. பக்கத்தில் ஓடுபவருக்குத்தான் தெரியும்.

அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் இதே கதைதான். தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். 'தண்ணி பத்தல போல' என்று நினைத்து இன்னும் குடித்தால் நிலைமை மோசமாகும். தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே நல்லது.

பயிற்சி எப்படி?

கிலோமீட்டரை விட நேரத்தைக் கணக்கிடுங்கள். சனிக்கிழமை 3 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை களைத்த காலோடு 2 மணி நேரம் என்று படிப்படியாகக் கூட்டலாம். செங்குத்தான ஏற்றத்தில் நடப்பது தோல்வி அல்ல. பெரிய வீரர்களும் நடப்பார்கள். தொடையைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். அதையும் தனியாகப் பழக வேண்டும்.

வேகம் சரியா என்று பார்க்க வாட்ச் தேவையில்லை. நண்பரோடு மூச்சிரைக்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அப்படியென்றால் சரியான வேகம்தான்.

குரூப்புக்கு என்ன விதிகள்?

* மெதுவாக ஓடுபவரின் வேகமே எல்லோருக்கும் வேகம்.
* பாதை பிரியும் இடத்தில் கடைசி ஆள் வரும்வரை காத்திருங்கள்.
* திரும்ப வேண்டிய நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். 'உச்சி இதோ பக்கத்துலதான்' என்று அதை நீட்டிக்காதீர்கள்.
* முடியாதவரை ஒருபோதும் தனியாகத் திருப்பி அனுப்பாதீர்கள்.
* மழை ஜாக்கெட், தலை விளக்கு, விசில், அவசரப் போர்வை, உணவு ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும்.
* போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒருவர் குழறிப் பேச ஆரம்பித்தால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. காற்று படாத இடத்துக்கு அழைத்துச் சென்று, ஈர உடையை மாற்றி, போர்வை போர்த்துங்கள். தெளிவாக இருந்தால் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். உதவிக்கு அழையுங்கள்.

எங்கே பயிற்சி செய்யலாம்?

அனுமதியின்றி காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் பலர் உயிரிழந்த பிறகு விதிகள் கடுமையாகின. வனப் பாதை என்றால் முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்காடு, கொல்லிமலை போன்ற மலைச்சாலைகளே போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கினாலே கால் எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும். வண்டிகள் வரும் சாலை என்பதால், அங்கேயும் வரிசையாக ஓரத்தில் ஓடுங்கள்.