மாடி ஏறினா மூச்சு வாங்குதா? உடம்புக்குள்ள நடப்பது இதுதான்!

மூணு மாடி ஏறினாலே நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும். ‘ஆக்சிஜன் குறைஞ்சிடுச்சோ’ என்று பலரும் பயப்படுகிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு அப்போதும் ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் குறைவதில்லை. உழைக்கும் தசைகளில் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக உருவாகிறது. அதை உடனுக்குடன் வெளியேற்றவும்தான் மூளை மூச்சை வேகப்படுத்துகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை விடும் மூச்சு, வேகமாக ஓடும்போது 40-ஐத் தாண்டலாம். இதயமும் சும்மா இருக்காது. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்பும் அது, கடும் உடற்பயிற்சியில் 20 லிட்டர் வரைகூட அனுப்பும்.

சற்று உட்கார்ந்ததும் எல்லாம் அடங்கிவிட்டால் பயமில்லை. ஆனால் நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் ‘கேஸ்தான்’ என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.