தாவர உணவும் மருத்துவரின் அமானிதமும்

மருந்துக்கு முன் உணவைச் சீர்செய்வது பண்டைய ஹகீம்களின் வழக்கம். நோயாளி சிலவற்றை உண்ணாது விலகியிருப்பதை அரபு மருத்துவ நூல்கள் ‘ஹிம்யா’ என்றன. நாம் பத்தியம் என்கிறோம். இக்காலத்தில் மருத்துவர் சிலர் இறைச்சி, முட்டை, பால் அனைத்தையும் விலக்கித் தாவர உணவை மட்டுமே உண்ணுமாறு வலியுறுத்துகின்றனர். அவ்வாறு வலியுறுத்துவோர் பேண வேண்டிய ஒழுக்கங்கள் யாவை?

முதலாவது, சான்றை அதன் அளவோடு கூறுதல். அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷின் புகழ்பெற்ற ஆய்வு 1990இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. இதய நோயாளிகள் 48 பேரில் 28 பேர் கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவுக்கு மாறினர். ஓராண்டுக்குப் பின் மறுபரிசோதனை செய்யப்பட்டோருள் பெரும்பாலோருக்கு இரத்தக்குழாய் அடைப்பு சற்றுக் குறைந்திருந்தது. ஆயின் அவர்கள் புகைப்பதையும் கைவிட்டனர். உடற்பயிற்சியும் மன அழுத்தம் தணிக்கும் பயிற்சியும் மேற்கொண்டனர். கொழுப்பு நீக்கிய பாலும் முட்டையின் வெண்கருவும் அவர்களுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தன. இவற்றை மறைத்து, முழுப் பயனையும் தாவர உணவுக்கே உரியதாக்குவது பாதி உண்மையாகும். அவ்வுணவு கெட்ட கொழுப்பைக் குறைக்கும் என்பதை மறைப்பதும் அவ்வாறே.

இரண்டாவது, தீங்கை முன்கூட்டியே அறிவித்தல். வைட்டமின் பி12 தாவரங்களிலிருந்து நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. உடலின் சேமிப்பு சில ஆண்டுகள் வரை தாங்குவதால் குறை தாமதித்தே வெளிப்படும். அதற்குள் நரம்புகள் மீளாச் சேதமடையலாம். இன்சுலின் போடுபவர் மருந்தளவைத் திருத்தாமல் உணவை மாற்றினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். வார்ஃபரின் உண்பவர் திடீரெனக் கீரையைப் பெருக்கினால் அம்மருந்தின் வீரியம் குறையும். சிறுநீரகம் பழுதானவருக்குப் பழங்களிலும் பயறுகளிலுமுள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். பி12 மாத்திரையையும் இரத்தப் பரிசோதனையையும் சொல்லாத அறிவுரை முழுமையற்றது.

மூன்றாவது, தன்னலத்தை வெளிப்படுத்துதல். தம் நூலையோ சத்துமாவையோ விற்பவர் அதனை நோயாளியிடம் கூறிவிட வேண்டும். மருத்துவர் விளம்பரத்தின் வழியே நோயாளிகளை ஈர்ப்பதையும் தரகுத்தொகை பெறுவதையும் இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. உயிர்களிடத்து இரக்கத்தால் புலாலை வெறுப்பவர் அதனைத் தம் கொள்கையென்றே கூறட்டும். மருத்துவ முடிவாகக் காட்டலாகாது.

நான்காவது, நோயாளியின் விருப்பத்தை மதித்தல். 2017இல் திருத்தப்பட்ட ஜெனீவா பிரகடனம் இதனை மருத்துவரின் உறுதிமொழியிலேயே சேர்த்தது. ‘இது உமக்கு ஒவ்வாது’ என மருத்துவர் கூறலாம். முஸ்லிம் நோயாளி அதனை ஏற்றுப் பத்தியம் காப்பதில் மார்க்கத் தடையில்லை. ஆனால் ஹலாலான உணவைப் பாவமென்று தீர்ப்பளிப்பது மருத்துவரின் துறையன்று.

ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அர்ருஹாவீ ‘அதபுத் தபீப்’ எனும் நூலை இருபது அத்தியாயங்களில் மருத்துவரின் ஒழுக்கத்திற்கென யாத்தார். மருத்துவம் அறியாது மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்பது நபிமொழி. நோயாளி மருத்துவரின் சொல்லைச் சோதித்தறிய இயலாதவர். நம்பியே உண்கிறார், நம்பியே விலக்குகிறார். அந்நம்பிக்கையே அமானிதம்.