மிளகும் மாத்திரையும்: மருந்துக்கு அடங்காத கிருமிகளை வெல்ல ஒரு கூட்டு முயற்சி

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நம்மில் பலர் இரண்டு வேலை செய்கிறோம். அடுப்பில் மிளகுக் கஷாயம் கொதிக்கும். இன்னொரு பக்கம், மெடிக்கலுக்கு ஆள் அனுப்பி ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி வரச் சொல்வோம். கஷாயமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று துணை செய்யுமா? விஞ்ஞானிகளும் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்ததையும், அதை நாம் எந்த அளவில் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் பார்ப்போம்.

முதலில் பிரச்சினை எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்வோம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக, 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார்: மருந்தைக் குறைந்த அளவில் சாப்பிட்டால் கிருமி சாகாது, அதைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிடும்.

கிருமி எப்படித் தாங்கிக்கொள்கிறது? அதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் இரண்டை அறிந்தால் போதும். ஒன்று, மருந்தை வெட்டிச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியைக் கிருமியே சுரக்கிறது. மற்றொன்று, உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து இறைப்பதுபோல வெளியே தள்ளிவிடுகிறது. வீட்டுக்குள் மழைநீர் புகுந்தால் மோட்டார் போட்டு வெளியேற்றுவோம் அல்லவா, அதுபோலத்தான். மருந்து உள்ளே தங்கினால்தானே வேலை செய்யும்?

முதல் வழியை அடைக்க ஒரு துணை மருந்து ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. டாக்டர் எழுதித் தரும் 'அமாக்ஸிசிலின் – கிளாவுலனிக் அமிலம்' மாத்திரையைப் பலர் சாப்பிட்டிருப்பீர்கள். கிளாவுலனிக் அமிலம் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் தரும் பொருள். அது தனியாகக் கிருமியைப் பெரிதாகக் கொல்லாது. ஆனால் கிருமியின் நொதியைத் தடுத்து அமாக்ஸிசிலினைக் காப்பாற்றும். இந்தக் கூட்டு 1981-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது.

இரண்டாவது வழியை அடைக்கத்தான் தாவரங்களை நாடுகிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மரமஞ்சளில் பெர்பெரின் என்ற பொருள் உண்டு. அது கிருமியைக் கொல்லக்கூடியது. ஆனால் சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டெபைலோகாக்கஸ் கிருமி அதைப் பம்பு செய்து வெளியேற்றிவிடும். பெர்பெரின் தரும் பெர்பெரிஸ் வகைச் செடிகளை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது, அந்தச் செடியிலேயே இன்னொரு பொருளும் இருப்பதைக் கண்டார்கள். அதற்குக் கொல்லும் சக்தி இல்லை, பம்பை அடைப்பது மட்டுமே அதன் வேலை. ஆயுதத்தையும் அதற்குத் துணையையும் அல்லாஹ் ஒரே செடியில் வைத்திருக்கிறான். இந்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது.

இனி மிளகுக்கு வருவோம். அதன் காரத்துக்குக் காரணம் பைப்பரின். சிப்ரோஃப்ளாக்ஸசினுடன் பைப்பரினைச் சேர்த்தால், குறைந்த அளவு மருந்திலேயே ஸ்டெபைலோகாக்கஸ் அடங்குகிறது என்று ஜம்முவில் உள்ள அரசு ஆய்வகத்தினர் 2006-ல் காட்டினார்கள். அதே ஆய்வகமும் ஒரு மருந்து நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய காசநோய் மாத்திரை 2009-ல் சந்தைக்கு வந்தது. பெரியவர்களுக்கு வழக்கமாக 450 மில்லிகிராமோ அதற்கு மேலோ தரப்படும் ரிஃபாம்பிசின், இதில் 200 மில்லிகிராம்தான். கூடவே 10 மில்லிகிராம் பைப்பரின். மருந்து இரத்தத்தில் கூடுதலாகச் சேரப் பைப்பரின் உதவுகிறது. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தை ஆராயப் போய்க் கிடைத்த பலன் இது.

"அப்படியென்றால் மிளகைக் கூட்டிக்கொண்டு மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமே" என்று சிலருக்குத் தோன்றும். கூடவே கூடாது. அதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, அளவு. மாத்திரையில் பைப்பரின் அளந்து வைக்கப்பட்டது. மிளகிலோ அது எடையில் 5 முதல் 9 சதவீதம் வரை, ரகத்துக்கு ரகம் மாறும். அரசு தரும் காசநோய் மாத்திரைகள் நோயாளியின் எடைக்கேற்ப அளவிடப்பட்டவை. கஷாயத்தை நம்பி அதில் ஒன்றைக் குறைத்தாலும், மருந்துக்கு அடங்காத காசநோயை நாமே வீட்டுக்குள் அழைப்பதாகும். அது இருமல் வழியாகப் பிள்ளைகளுக்கும் பரவும்.

இரண்டாவது, ஆய்வகத் தட்டு வேறு, மனித உடல் வேறு. தட்டில் கிருமியின் மேலேயே மருந்தை ஊற்றலாம். மஞ்சளின் குர்குமினும் கருஞ்சீரகத்தின் தைமோகுயினோனும் தட்டில் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் நாம் சாப்பிடும் குர்குமினில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. கருஞ்சீரகத்தின் மேல் நமக்குள்ள மதிப்பு குறையத் தேவையில்லை. டாக்டர் தந்த மருந்தை நிறுத்த அது காரணமாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாவது, எல்லாக் கூட்டும் நன்மை தராது. சிப்ரோஃப்ளாக்ஸசின் மாத்திரையை மஞ்சள் பாலோடு விழுங்கினால், பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடலில் சேர விடாது. பைப்பரினோ, வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் போன்றவற்றை இரத்தத்தில் அளவுக்கு மேல் ஏற்றிவிடக்கூடும். ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். செறிவூட்டிய கேப்ஸ்யூல்களை நாமாக வாங்கிச் சாப்பிடுவதில்தான் ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் மரமஞ்சளை உள்ளுக்குக் கொடுக்கவே வேண்டாம். பெர்பெரின் சிசுவின் மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும்.

குடும்பமாக நாம் செய்யக்கூடியவை இவை:

• சாதாரணச் சளி, ஃப்ளூ காய்ச்சல் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. கஷாயமும் ஓய்வும் இதமளிக்கும்.

• மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

• டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மீதியை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், மறுமுறைக்கும் எடுத்து வைக்காதீர்கள்.

• கஷாயம், லேகியம், கருஞ்சீரக எண்ணெய் எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

• ரமளானில் வேளை தவறவிடாதீர்கள். சஹருக்கும் இஃப்தாருக்கும் பொருந்தும் மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால், நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை இருக்கிறது.

தாவரங்களிலிருந்து நல்ல துணை மருந்துகள் இன்னும் வரலாம். அவை வரும்போது, துணை நிற்க ஆன்டிபயாட்டிக்கும் வேலை செய்கிற நிலையில் இருக்க வேண்டும். இன்று நாம் அதை வீணடிக்காமல் இருந்தால்தான் நம் பிள்ளைகளுக்கு அது மிஞ்சும்.