ஒற்றைக் காலில் ஒரு நிமிடம்

ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி கோயிலை ஒட்டிய வீதிகளில் மாலை நேரத்தில் நடக்கும்போது சில நாள்களில் பாண்டியாட்டத்தைக் காண்கிறேன். எட்டு வயதுச் சிறுமி, தரையில் கிழித்த கட்டங்களில் ஒற்றைக் காலால் தாவி, குனிந்து சில்லை எடுத்து, விழாமல் திரும்புகிறாள். உடன் ஆடும் சிறுவன் இரண்டாம் கட்டத்திலேயே மறுகாலை ஊன்றிவிடுகிறான். ஆனால், பதின்மூன்று வயதுச் சிறுமியை அந்த வீதியில் விளையாட்டில் காண்பது அரிது.

அடிவயிறு, முதுகெலும்பை ஒட்டிய ஆழ்தசைகள், மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளம் ஆகியவை சேர்ந்ததே உடல்மையம். கையோ காலோ அசைவதற்கு ஒரு கணம் முன்பே இவை இறுகி உடலை நிலைநிறுத்துகின்றன. இத்திறன் பிறக்கும்போதே முழுமையாக அமைவதில்லை. சிறு குழந்தைகள் சமநிலைக்குக் கண்ணையே பெரிதும் நம்புகின்றனர்; கண்ணை மூடச் சொன்னால் தள்ளாடுவார்கள். உட்செவி, பாதம், மூட்டுகள் அனுப்பும் செய்திகளையும் ஒருங்கே பயன்படுத்தும் பக்குவம் ஏழு வயதையொட்டித் தொடங்கிப் பதின்வயது வரை வளர்கிறது. தொடக்கப்பள்ளிப் பருவத்தில் சமநிலையில் பெரும்பாலும் சிறுமியரே முந்துகின்றனர். எறிவதிலும் உதைப்பதிலும் சிறுவர்கள்.

பிறகு நிலைமை மாறுகிறது. சிறுமியர் சுமார் 12 வயதிலும் சிறுவர்கள் சுமார் 14 வயதிலும் மிக வேகமாக உயர்கின்றனர். எலும்பு முதலில் நீள்கிறது, தசைவலு பின்னால் வந்து சேர்கிறது. அந்த இடைவெளியில் நன்றாக ஓடிய பிள்ளையும் தடுமாறும். (அதைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் நம்மில் பலர்.) சிறுவர்களுக்கு ஹார்மோன் தசையை விரைந்து சேர்த்துவிடுகிறது. சிறுமியருக்கு உயரமும் எடையும் கூடும் அளவுக்குத் தசைவலு கூடுவதில்லை. குதித்து இறங்கும்போது முழங்கால் உட்புறம் சாய்கிறது. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு முழங்காலின் குறுக்குத் தசைநார் கிழிவது இரு மடங்குக்கும் மேல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இது மாற்ற முடியாததன்று. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 கால்பந்து வீராங்கனைகளை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. உடல்மையத்தையும் ஒற்றைக்கால் சமநிலையையும் பழக்கும் இருபது நிமிடப் பயிற்சியைச் செய்த பிரிவில் கடுங்காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

பயிற்சி மிகத் தேவைப்படும் அந்த வயதில்தான் நம் வீடுகள் சிறுமியை உள்ளே அழைத்துக்கொள்கின்றன. 2016-ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டபடி, 11 முதல் 17 வயதுக்குள் போதிய உடலியக்கம் இல்லாதோர் உலக அளவில் சிறுவரில் 78 சதவீதம்; சிறுமியரில் 85 சதவீதம். பொருளியல் பயின்ற எனக்கு இன்னொரு கணக்கும் நினைவுக்கு வருகிறது. மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகின்றனர். இதன் ஒத்திகை பன்னிரண்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

பள்ளிகளுக்கென வகுக்கப்பட்ட கேலோ இந்தியா உடற்தகுதித் தேர்வில், 5 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்குப் பூநாரைச் சோதனை உண்டு; கட்டையின் மீது ஒற்றைக் காலில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒன்பது வயதிலிருந்து ஓட்டம், வளைதல், வயிற்றுத் தசைப் பயிற்சி, தண்டால் ஆகியவை வருகின்றன. சமநிலைச் சோதனை விடைபெறுகிறது. தடுமாற்றம் தொடங்கும் வயதில் அளவுகோலைக் கீழே வைத்துவிடுவது விந்தைதான். எட்டாம் வகுப்பு வரையிலாவது அதை ஆண்டுக்கு இருமுறை நடத்தி, மாணவியரின் பதிவைத் தனியே பார்க்கலாம். செலவு, ஒரு மரக்கட்டையும் ஒரு கடிகாரமும்.